இனிப்பை மறுத்தல்

சர்க்கரையை விட்டுவிட்டதாக ஒருவர் சொன்னால், ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்றுதான் கேட்பவர் உடனே விசாரிக்கிறார். தமிழில் பண்டத்துக்கும் வியாதிக்கும் ஒரே பெயராகிப் போனது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஒன்றை மறுப்பதற்கு உடம்பைத் தவிர வேறு காரணமும் இருக்க முடியும் என்ற நினைப்பே நம்மிடமிருந்து போய்விட்டதற்கு அது நல்ல அடையாளம். சேர்க்கப்படும் சர்க்கரை, தேன், பழச்சாறு எல்லாவற்றிலிருந்தும் வரும் சக்தி ஒரு நாளையத் தேவையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, அதிலும் பாதியானால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்னது. பாதி என்றால் சுமார் 25 கிராம், ஆறு தேக்கரண்டி. யோசனையில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் இந்தக் கணக்கில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறான், தின்பவன்.

வேறொரு கணக்கு 1791ல் போடப்பட்டது. அடிமை வாணிபத்தை நிறுத்தக் கோரிய வில்பர்ஃபோர்ஸின் முயற்சி அந்த ஏப்ரலில் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் 88க்கு 163 என்று தோற்றது. அதையடுத்து வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். வாரம் ஐந்து பவுண்டு சர்க்கரை செலவழிக்கும் ஒரு குடும்பம், அதையும் அதற்கேற்ற அளவு ரம்மையும் 21 மாதம் நிறுத்தினால், ஒரு மனிதன் அடிமையாவதோ கொல்லப்படுவதோ தடுக்கப்படும் என்றார். கணக்கு சரிதானா என்பது பொருளாதார நிபுணர்கள் பாடு. எனக்கு முக்கியமாகப் படுவது, தேக்கரண்டியின் மறுமுனையில் அவர் ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியதுதான். அடிமையை விற்பவனும் சாட்டை பிடிப்பவனும் தின்பவன் அமர்த்திய கூலியாட்களே என்பது அவர் வாதம். புலால் மறுத்தல் அதிகாரத்தில் தின்பவனையும் விற்பவனையும் வள்ளுவர் ஒரே முடிச்சில் போடும் இடம் நமக்குத் தெரியும். ஃபாக்ஸுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தர்க்கம் ஒன்றுதான். மூன்று லட்சம் பேர் சர்க்கரையை விட்டார்கள் என்று கிளார்க்ஸன் மதிப்பிட்டார்.

இதைப் பெரிய தியாகமாக்க வேண்டாம். சர்க்கரையோடு மனித மாமிசத்தையும் தின்கிறோம் என்று அந்தப் பிரசுரமே அருவருப்பைத் தூண்டுகிறது. அந்த அருவருப்பு அடுத்தவன் துன்பத்தைப் பற்றியதா, என் வாய் தீட்டுப்படுவதைப் பற்றியதா? நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கருணையில் ஆரம்பித்த சைவ உணவு ஆசாரத்தில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டதைப் பார்த்தவர்கள் நாம். 1792ல் கில்ரே வரைந்த கேலிச்சித்திரத்தில் இங்கிலாந்து ராணி மகள்களிடம் சர்க்கரையில்லாத் தேநீரைப் புகழ்கிறாள்: கறுப்பர்களுக்கு வேலை மிச்சம், அப்பாவுக்குச் செலவும் மிச்சம். கலப்படமற்ற மறுப்பு அன்றும் கிடையாது. இருந்தும் அந்தக் கலப்படத்துக்குள் இன்னொருவன் இருந்தான்.

1820களில், அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சர்க்கரை என்று எழுதிய கிண்ணங்கள் மேசைக்கு வந்தன. மனசாட்சி நிம்மதியாக இனிப்புக்குத் திரும்பியது. இந்தியாவிலேயே அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரம் நீங்கியது 1843ல்தான். அதைக் கிண்ணத்தில் எழுத இடமிருந்திருக்காது. 1834க்குப் பிறகும் கரும்புக்கு ஆள் தேவைப்பட்டது. மொரீஷியஸுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும், பிறகு பிஜிக்கும் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். பிஜியின் பெண்களுக்காகப் பாரதி 'கரும்புத் தோட்டத்திலே' பாடினான். அதைக் கேட்டுக் கண் கலங்கிய கையோடு காப்பிக்குச் சர்க்கரை போட்டுக் கலக்குவதில் நமக்குச் சங்கடம் இருந்ததில்லை. கவிதையின் தோல்வி என்று இதை நான் சொல்லமாட்டேன். கவிதையை நாம் எந்த அலமாரியில் வைத்திருக்கிறோம் என்பது தெரிகிறது.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போகிறவர்கள் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் அரிவாள் என்று கணக்கு. ஒருநாள் வராவிட்டால் அபராதம். மாதவிலக்கால் வேலை கெடுகிறது என்று கர்ப்பப்பையையே எடுத்துக்கொண்ட பெண்கள் அங்கே ஏராளம் என்பது 2019ல் பெரிதாக வெளியே வந்தது. ஃபாக்ஸின் கணக்கை இங்கே போட்டால் என்ன வரும்? நான் எத்தனை மாதம் நிறுத்தினால் ஒரு பெண்ணின் கர்ப்பப்பை தப்பும்?

கணக்கு வரவில்லை. நான் தின்னாத கரும்பு வயலில் நின்றுவிடாது. சாறு எரிசாராயமாகிப் பெட்ரோலில் கலக்கிறது. தானியத்திலிருந்து எடுப்பதையும் சேர்த்து, இருபது சதவீதக் கலப்பு என்ற இலக்கை இந்தியா 2025ல் எட்டியது. வண்டிக்கு நாக்கு இல்லை, அருவருப்பு இல்லை, சர்க்கரை வியாதியும் வராது. வள்ளுவரும் ஃபாக்ஸும் நம்பியிருந்த வாய் இந்தச் சங்கிலியிலிருந்து மெல்லக் கழற்றப்படுகிறது.

அப்படியானால் பலனில்லாத மறுப்பு வெறும் பாவனைதானே என்பார்கள். அவசரப்பட்ட பதில் என்று எனக்குப் படுகிறது. டாக்டர் சொல்லி விட்டவனும் பீட் பெண்களை நினைத்து விட்டவனும் குடிப்பது ஒரே கசப்புக் காப்பி. வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது, கரும்புக் காட்டிலும் தெரியாது. ஆனால் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எண் இறங்கியதும் முன்னவனின் விவகாரம் தீர்ந்துவிடுகிறது. மற்றவனுக்கு அப்படி எந்தச் சீட்டும் வருவதில்லை. பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தும்போதும் அது அவனோடு வந்து நிற்கிறது.