மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

காரைக்காலில் வண்டி வயரிங் வேலை பார்க்கும் தம்பிகளே, ஐப்பசி பிறந்தால் புயல் மழைக்காலம். 2008 நவம்பர் 27 அன்று நிஷா புயல் நமக்குச் சற்று வடக்கே கரையேறியது. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புகுந்தது. இரண்டுமே இந்த மழைக்காலத்தில் வந்தவைதான். அரசலாறு பெருகி வயல் வழியெல்லாம் சேறாகிக் கிடக்கும் ராத்திரியில், பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை ஏற்றிவர நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்றுதான் உதவும். அப்போது நாலு சக்கர இழுவைக்கான சுவிட்சைத் திருப்பியும் ஃபோர் ஹை விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே நின்றால், போன மாதம் அந்த வண்டியைப் பார்த்து அனுப்பிய பட்டறைக்கு அதில் பொறுப்பு இல்லையா?

'மோட்டார் போயிடுச்சு சார், மாத்திடலாம்.' வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் இதைச் சொல்லும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். நாலு சக்கர இழுவையைப் போடும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மோட்டார் மலிவான சாமான் இல்லை. மாற்றியும் விளக்கு அணையவில்லை என்றால் அடுத்து கன்ட்ரோல் யூனிட் என்பீர்கள். அதற்கும் வண்டிக்காரர் கடன் வாங்கிக் கொடுப்பார். ஊகத்தின் பேரில் ஒருவர் பணத்தைச் செலவழிக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

டாஷ்போர்டில் இருக்கும் அந்தத் திருகு சுவிட்ச் கியரை நேராக நகர்த்துவதில்லை, விண்ணப்பம்தான் போடுகிறது. வண்டியின் வேகம், நியூட்ரல், கிளட்ச் எல்லாவற்றையும் கன்ட்ரோல் யூனிட் பார்த்த பிறகே மோட்டாருக்குக் கரண்ட் விடும். மோட்டார் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டதா என்று அதிலுள்ள சென்சார் திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் விளக்கு சிமிட்டும். ஆக, சிமிட்டலுக்குக் காரணம் பேட்டரி, ஃபியூஸ், ரிலே, எர்த், கப்ளர், சுவிட்ச், சென்சார் என எங்கேயும் இருக்கலாம். மோட்டார் அதில் ஒன்று, அவ்வளவுதான். சில நேரம் கோளாறே இருக்காது. ஃபோர் லோ போட வண்டியை நிறுத்தி நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை ஓட்டுபவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எப்படிப் போட்டீர்கள் என்று முதலில் அவரைக் கேளுங்கள்.

நம் ஊரில் முதல் சந்தேகம் உப்பின் மேல்தான் விழ வேண்டும். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு பக்கம் கடல் மணலில் இறங்கி ஏறும் வண்டியின் அடிப்பக்கக் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். பின்களில் பச்சை பூத்திருக்கும். எர்த் போல்ட்டின் அடியில் துரு ஏறியிருக்கும். போதாததற்கு வாட்டர் சர்வீஸ்காரர் பிரஷரில் அடிக்கும் தண்ணீர் கப்ளருக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இங்கேதான் மீட்டரே ஏமாற்றும். இருபது இழை உள்ள வயரில் பத்தொன்பது அரித்துப்போய் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும், கப்ளரைக் கழற்றி வைத்து அளந்தால் பன்னிரண்டு வோல்ட் குறையாமல் காட்டும். 'சப்ளை வருது, அப்ப மோட்டார்தான்' என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அதே முனையில் ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டிப் பாருங்கள். மினுக்கென்று வந்து செத்துப் போகும். லோடு ஏறியதும் அந்த ஒற்றை இழையால் தாங்க முடியவில்லை. இன்னொரு சோதனையும் உண்டு. கப்ளரை மாட்டிய நிலையில், மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை மோட்டார் சர்க்யூட்டின் எர்த் வயரிலும் வைத்து, சுவிட்சைத் திருப்பச் சொல்லுங்கள். மோட்டார் கரண்ட் இழுக்கும் அந்த ஒன்றிரண்டு நொடியில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சந்தேகப்படுங்கள். அரை வோல்ட் தாண்டினால் சந்தேகமே வேண்டாம். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினால் வேலை முடிந்தது. சாமான் செலவு ஒரு டீக்காசுகூட ஆகாது.

ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது காட்டும் குறியீடு எந்த சர்க்யூட்டில் கோளாறு என்று சொல்லும். எந்தச் சாமானை வாங்க வேண்டும் என்று சொல்லாது. குறியீட்டை அழித்துவிட்டு 'சரியாயிடுச்சு' என்று சாவியைக் கொடுப்பது மோசடி. விளக்கின் பல்பைக் கழற்றிவிட்டு அனுப்புவது அதைவிடப் பெரிய மோசடி. 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 30 ஆம்பியர் பச்சையைச் சொருகுவதையும், செம்புக் கம்பியைச் சுற்றி 'டைரக்ட்' கொடுப்பதையும் என்ன பெயர் சொல்லித் திட்டுவது? ஷார்ட் ஆனால் உருக வேண்டிய ஃபியூஸ் உருகாமல் வயர் உருகும். வண்டிக்குள் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய வண்டிகள் பல கை மாறி வெளியூர்களுக்குப் போயின. பழைய வண்டியொன்று உங்களிடம் வந்தால் சீட்டுக்கு அடியில் இருக்கும் வயரிங்கைப் பிரித்துப் பாருங்கள். வண்டல் படிந்திருந்தால் வாங்கியவரிடம் அதை மறைக்காதீர்கள், விற்றவர் உங்களுக்குத் தெரிந்தவராகவே இருந்தாலும்.

தம்பிகளை மட்டும் குறை சொல்லி முடித்துவிட்டால் அது பாரபட்சம். நம் ஊர் பிஒய் 02 நம்பர் வைத்திருக்கும் வண்டிக்காரர்களே, இந்தக் கெட்ட பழக்கத்தை வளர்த்துவிட்டதே நீங்கள்தான். மூன்று மணி நேரம் மண்ணில் படுத்து ஒரு துருப்பிடித்த எர்த்தைக் கண்டுபிடித்தவனிடம், 'ஒரு போல்ட்டைத் தேய்ச்சதுக்கு இவ்வளவா?' என்று பேரம் பேசுகிறீர்கள். புது டப்பாவில் சாமான் வந்தால் மட்டும் வாய் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுக்கிறீர்கள். பிறகு அவன் எதை விற்பான்? கடல் தண்ணீரில் இறக்கியதையும் ஹாரன், ஃபாக் லைட் என்று கண்ட இடத்தில் வயரை வெட்டி ஒட்டியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முன்னால் புது டயரும் பின்னால் தேய்ந்த டயருமாக ஓட்டுகிறீர்களா, அதையும் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். இந்த வாரமே மணல் பாதையில் நாலு சக்கர இழுவையைப் போட்டுப் பாருங்கள், காய்ந்த தார் ரோட்டில் வேண்டாம். விளக்கு சிமிட்டினால் பட்டறைக்குப் போய், கோளாறு கண்டுபிடிக்க மட்டும் என்ன கூலி என்று முதலில் கேளுங்கள். சாமான் எதுவும் மாற்றாவிட்டாலும் அந்தக் கூலியைத் தருவேன் என்று சொல்லிவிட்டு வண்டியை விடுங்கள்.