கவனத்தின் விலை

"கவனமாக வேலை செய்" என்பதைப் போல மலிவான அறிவுரை வேறில்லை. சொல்பவருக்கு அதனால் செலவேதுமில்லை. விபத்து நேர்ந்த பின்னர் குற்றத்தைத் தொழிலாளியின் தலையில் சுமத்தவும் அதுவே உதவுகிறது. கவனம் என்பது தனிமனிதனின் குணமா, அன்றி அவனுக்குச் சமுதாயம் செலுத்தவேண்டிய கடனா?

1979இல் கொழும்பிலே தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிற்று. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளுக்குப் படக்குழாய்ப் பெட்டிகள் வந்தன. அவற்றைத் திருத்தும் சிறு கடைகளும் வந்தன. வீட்டு மின்சாரம் 230 வோல்ற். வர்ணப் படக்குழாயிலோ 20,000 வோல்ற்றுக்கும் மேல். இன்று அப்பெட்டிகள் மறைந்து வருகின்றன. ஆனால், திருத்துவதற்கு வரும் நுண்ணலை அடுப்பின் கொள்ளளவி ஏறத்தாழ 2,000 வோல்ற்றைத் தாங்கி நிற்கிறது.

இத்தகைய இடத்தில் கம்பியைப் பற்றாசு வைத்து இணைப்பது வெறும் கைப்பழக்கமன்று. மின்தொடர்பைத் துண்டித்த பின்னரும் கொள்ளளவியில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். தகுந்த தடையியின் வழியாக அதனை இறக்கி, அவ்வழுத்தத்துக்கு ஏற்ற மானியால் சோதித்த பின்பே கை வைக்கவேண்டும். மிக உயர்ந்த அழுத்தத்தில் பற்றாசு கூர்முனையாக நின்றால், அம்முனையில் மின்புலம் செறிந்து, காற்றினூடே மின் கசியும். ஆகவே இணைப்பு உருண்டு வழவழப்பாக அமையவேண்டும்.

தொழில் பழகவந்த பையன் இவற்றுள் எதனைக் கண்ணால் கண்டறிவான்? மின்னேற்றத்துக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அறிவு வேண்டும், கருவி வேண்டும், பொறுத்துச் செய்ய நேரம் வேண்டும். மூன்றுக்கும் விலையுண்டு. அதனைக் கொடாது கவனத்தை மட்டும் கேட்பது, முதல் கொடாது வட்டி கேட்பதை ஒக்கும்.

"அறிந்தும் அலட்சியம் செய்வோர் இல்லையா?" எனச் சிலர் வினவலாம். உண்டு. அன்னார் தம் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. அவர்கள் இணைத்ததை நாளை தொடுபவன் வேறொருவன் அன்றோ! ஆயின், அறியாதவனை அலட்சியக்காரன் என்பது நீதியாகாது.

வேலையிற் காயமடைந்தவனுக்கு நட்டஈடு வழங்க 1934ஆம் ஆண்டிலேயே இந்நாட்டிற் சட்டம் பிறந்தது. ஈடு காயத்தின் பின்னே வருவது. அறிவோ முன்னே வரவேண்டியது. கொள்ளளவியின் சமன்பாட்டை எழுதி நம் மாணவர் பரீட்சையிற் சித்தியடைகின்றனர். அதனைத் தொட்டு உழைக்கும் கைகளுட் பல, அப்பாடத்தை எட்டுமுன்னரே பள்ளியை விட்டு நீங்கியவை. விஞ்ஞானம் கற்பிக்கும் நம்மவர் மாலையில் ஒரு மணி நேரத்தை அவர்களுக்கு ஒதுக்கினால் என்ன? கடனில் ஒரு பகுதியேனும் தீரும்.