மைனரின் வாசஸ்தலம்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறி வருபவர் காண்பவை காப்பித் தோட்டங்களும் ஏரியும் மட்டுமல்ல. 1894இல் கன்னியர் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் பள்ளியும், 1917இல் தோன்றிய மான்ஃபோர்ட் பள்ளியும், அவற்றின் விடுதிகளில் ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்கும் வெளியூர்ப் பிள்ளைகளும் கூடத்தான். இவர்களுள் ஒருவனுடைய தந்தை பெங்களூரிலும் தாய் கோயம்புத்தூரிலுமாகப் பிரிந்து, மகன் யார் பொறுப்பில் இருப்பது என்று வழக்காட நேர்ந்தால், எந்த ஊர் நீதிமன்றத்தின் படியேறுவது? மைனர் சாதாரணமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே மனுச் செய்ய வேண்டும் என்று 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் ஒன்பதாம் பிரிவில் விதிக்கிறது. பையன் உண்பதும் உறங்குவதும் மலைமேல்தான். ஆயினும் படிப்புக்காகத் தங்கியிருப்பதை வாசம் என்று கொள்ளலாகாது என்று ஒரு வக்கீல் எழுந்து வாதிப்பார். அப்படியானால் வாசம் என்பது சரீரம் இருக்கும் இடத்தைப் பொறுத்ததா, மனம் பற்றியிருக்கும் இடத்தைப் பொறுத்ததா? மனம் என்றால், யாருடைய மனம்?

இது வெறும் சட்டப் பிரச்சினையன்று என்பதற்குத் தத்துவ ஞானி ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பால்ய காலத்து வழக்கே சாட்சி. வருவாய்த் துறையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற அவர் தந்தை நாராயணய்யா, தாயை இழந்த தம் மக்களோடு 1909இல் அடையாற்றுப் பிரம்மஞான சபையின் நிழலில் வந்து குடியேறினார். அங்கே சபைப் பிரமுகர் லெட்பீட்டரின் கண்ணில் பட்ட சிறுவன் கிருஷ்ணமூர்த்தி, வரப்போகும் உலக குருவுக்கு ஏற்ற பாத்திரம் எனக் கொண்டாடப்பட்டான். அவனுக்கும் தம்பி நித்யானந்தனுக்கும் சபைத் தலைவி அன்னி பெசன்ட் அம்மையாரே காப்பாளர் என்று 1910 மார்ச்சில் தந்தை எழுதிக் கொடுத்தார். 1912இல் அம்மையார் இருவரையும் இங்கிலாந்துக்கு அழைத்துப் போய்ப் படிப்புக்காக அங்கேயே நிறுத்தினார். மகனைத் தெய்வமாக்குவதையும் லெட்பீட்டரின் சகவாசத்தையும் பொறாத தந்தையோ, கொடுத்ததை மீட்க அவ்வாண்டே செங்கற்பட்டு ஜில்லா கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். அடையாறு அந்நாளில் அந்த ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. வழக்கு சென்னை ஹைகோர்ட்டுக்கு மாறியது. அம்மையார் தமக்காகத் தாமே வாதாடியும், 1913இல் தீர்ப்பு தந்தையின் பக்கமாயிற்று, அப்பீலும் தோற்றது.

1914 மே மாதம், அந்நாளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றியது. தந்தையின் காப்பாளர் ஸ்தானம் ஒரு புனிதமான பொறுப்பு, அதை மீட்க முடியாதபடி பிறருக்குத் தத்தம் செய்துவிட இயலாது என்று நாராயணய்யாவின் உரிமையை ஒப்புக்கொண்ட அதே நியாயாதிபதிகள், படிப்புக்காகக் கடல் கடந்து போய்விட்ட சிறுவர்கள் வழக்குத் தொடுத்த காலத்தில் செங்கற்பட்டு வாசிகள் அல்லராதலால் அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை என்றும், ஹைகோர்ட் வழக்கைத் தன்னிடம் வரவழைத்துக்கொண்டதால் மட்டும் இல்லாத அதிகாரம் பிறந்துவிடாது என்றும், வேண்டுமானால் இங்கிலாந்து நீதிமன்றத்தை நாடலாம் என்றும் கூறிவிட்டனர். உரிமை தந்தையிடம் இருந்தது. அதைக் கேட்கும் காதுதான் கடலுக்கு அப்பால் இருந்தது.

இத்தீர்ப்பு என்னை வெகுநாள் உறுத்தியதுண்டு. குழந்தையைக் கொண்டு போனவருக்கே நீதிபதியைத் தேர்ந்துகொள்ளும் சௌகரியமும் கிடைத்துவிடுகிறதல்லவா? எனினும் குழந்தை உண்மையில் வாழும் இடமே அதன் ஊர் என்று அதன் அடியில் உள்ள தத்துவத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளிகள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று இன்றும் சொல்லுவர். எத்தனையோ தலைமுறை இம்மலையில் உழுதும் காஞ்சியை விட்டபாடில்லை. பெரியவர்களுக்கு ஊர் என்பது நினைவினால் ஆவது. குழந்தைக்கோ அத்தனை நினைவு ஏது? காலையில் எழுப்புவது யார், சோறு போடுவது யார், சண்டை போட்டுத் திரும்பினால் கண்ணைத் துடைப்பது யார் என்ற அன்றாடப் பழக்கமே அதன் ஊர். சட்டம் தன் வறட்டு பாஷையில் தேடுவதும் இந்தப் பழக்கத்தைத்தான். ஆனால் பழக்கத்தைச் செய்துவிடலாம். ஒருவர் குழந்தையை எடுத்துக்கொண்டு ஊர் மாறி ஓராண்டு காலம் கடத்தினால் புதுப் பழக்கம் வேரூன்றிவிடும். ஆதலால் பழக்கம் உண்டா என்பதோடு, அது எவ்வாறு உண்டாயிற்று என்பதையும் விசாரிப்பதே தர்மம் என்பேன். தூக்கிச் செல்லப்பட்ட குழந்தைகளைப் பழைய வாசஸ்தலத்துக்கே விரைந்து திருப்பி அனுப்ப 1980இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டதும் இந்த அச்சத்தால்தான். இலங்கை அதில் சேர்ந்திருக்கிறது, இந்தியா சேரவில்லை. அந்நிய நாட்டு உத்தரவு இருந்தாலும் குழந்தையின் நலமே பிரதானம் என்பது நம் உச்ச நீதிமன்றம் 2017இல் வற்புறுத்திய நிலை. இது கருணையுள்ள கொள்கை. அதே வேளையில், முந்திக்கொண்டு விமானம் ஏறுபவருக்கும் இதில் கொஞ்சம் இடமிருக்கிறது.

அடையாற்று வழக்கில் பிரிவி கவுன்சில் இன்னொரு குறையையும் சுட்டிற்று: இத்தனை விவாதத்தில் அச்சிறுவர்களின் கருத்தை அறிய ஒருவரும் முயலவில்லை. கடோபநிஷத்திலோ தந்தை தானம் கொடுத்துக்கொண்டிருக்கையில், என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர் என்று சிறுவன் நசிகேதன் தானாகவே மும்முறை கேட்கிறான். கோபத்தில் வந்த விடையை ஏற்று யமனுடைய வீட்டு வாசலுக்கும் போய்விடுகிறான். யமன் ஊரில் இல்லாமையால் மூன்று இரவு காத்திருக்க நேர்ந்ததை, அதிகார வரம்புத் தகராறு கண்ட நம் கட்சிக்காரர்கள் நன்கு புரிந்துகொள்வார்கள். நம் காப்பாளர் சட்டமும் விவரமறிந்த மைனரின் விருப்பத்தைக் கோர்ட் கருத்திற்கொள்ளலாம் என்று பதினேழாம் பிரிவில் சொல்லாமலில்லை. அந்தக் கேள்வி, யாருடன் இருக்க விரும்புகிறாய் என்பது. உன் ஊர் எது என்ற ஒன்பதாம் பிரிவின் கேள்விக்கோ, பையனைக் கூப்பிடுவதற்கு முன்பே, தாயும் தந்தையும் பிரமாணப் பத்திரங்களில் பதில் எழுதி முடித்துவிடுகிறார்கள்.