திரையிலே உயிர்த்தெழும் தளபதிகள்

நள்ளிரவு. பனிக்கட்டிகள் மிதந்துவரும் ஆறு. உடலைத் துளைக்கும் காற்று. கிழிந்த உடையுடன் 2,400 வீரர்கள் படகேறுகின்றனர். தோல்விமேல் தோல்வி கண்ட படை! "இவர்கள் கதை முடிந்தது" என்று மாற்றார் எக்களித்த படை! அதன் தலைவன் எதிர்க்கரையையே நோக்கி நிற்கிறான். கரை சேர்கின்றனர். கொட்டும் பனியிலே நடக்கின்றனர். காலையிலே, டிரென்டன் நகரிலிருந்த ஜெர்மன் கூலிப்படை சரணடைகிறது!

1776ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, ஜார்ஜ் வாஷிங்டன் டெலாவேர் ஆற்றைக் கடந்த நிகழ்ச்சி அது. 2000ஆம் ஆண்டிலே 'தி கிராசிங்' எனும் தொலைக்காட்சிப் படம் அதனைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்திற்று.

பள்ளிப் பாடத்திலே அந்நிகழ்ச்சி ஒரு வரி. ஆண்டு ஒன்று, ஆற்றின் பெயர் ஒன்று, மதிப்பெண் இரண்டு! திரையிலோ குளிர் தெரிகிறது, அச்சம் தெரிகிறது, தயக்கம் தெரிகிறது, தயக்கத்தை வென்ற துணிவும் தெரிகிறது. முடிந்துபோன வரலாற்றை இன்னும் முடியாத ஒன்றாகக் காட்டுவதே திரைக்கலையின் பேராற்றல். வெற்றி கிட்டுமா கிட்டாதா என்று அறியாமலே முடிவெடுத்த மனிதனை நாம் அங்கே காண்கிறோம். "மனிதனாலே ஆகக்கூடிய செயல்தான் இது" எனும் நம்பிக்கை பிறக்கிறது. அந்த நம்பிக்கை, அடிமைப்பட்டோர்க்கு அருமருந்து!

அந்தப் போர் நமக்கு முற்றிலும் தொடர்பற்றதன்று. 1773இலே பாஸ்டன் துறைமுகத்தில் கடலிலே கொட்டப்பட்ட தேயிலை, நம் மண்ணிலே கடை விரித்துக் கோட்டை கட்டிக்கொண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. 1781இலே யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்ற படையின் தளபதி கார்ன்வாலிஸ், 1786இலே கவர்னர் ஜெனரலாக இங்கே வந்திறங்கினான். 1792இலே திப்புவின் நாட்டிலே பாதியைப் பறித்தான். சேலமும் திண்டுக்கல்லும் கம்பெனியின் கைக்குப் போனது அப்போதுதான். ஆகவே, அந்தப் புரட்சிப் போரைப் படமாக்குவோர் காட்டுவது என்ன, மறைப்பது என்ன என்று கேட்க நமக்கும் உரிமை உண்டு.

கேள்வி இதுதான்: விடுதலையிலே பற்று உண்டாக்குவதற்காக, வரலாற்றிலே பொய் கலக்கலாமா?

"கலந்தால் என்ன? கலை வேறு, கல்வெட்டு வேறு. எட்டு ஆண்டுப் போரை மூன்று மணி நேரத்திலே காட்டவேண்டும். உறங்கிக் கிடக்கும் மக்களைத் தட்டி எழுப்பவேண்டும். தலைவனிடம் குறை காட்டினால் எழுச்சி குன்றிவிடாதா?" என்று கேட்போர் உளர். வள்ளுவரைக்கூடத் துணைக்கு அழைப்பர். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யையும் வாய்மையின் வரிசையிலே வைக்கலாம் என்று அவர் சொல்லவில்லையா என்பர்.

சொன்னார்! ஆனால் நன்மைக்கு முன்னே 'குற்றமற்ற' எனும் காவலையும் அவர் நிறுத்திவைத்தார். அந்தக் காவலைக் கடந்து இந்தப் பொய்கள் வரமுடியுமா என்பதைத்தான் நாம் பார்க்கவேண்டும்.

2000ஆம் ஆண்டிலேயே வெளிவந்த இன்னொரு படம் 'தி பேட்ரியாட்'. மெல் கிப்சன் நடித்தது. தென் கரோலினாவிலே நிலமும் பண்ணையும் உடைய ஒருவன், மகனைப் பறிகொடுத்து, வாளேந்திப் போருக்குக் கிளம்புகிறான். மயிர்க்கூச்செறியும் காட்சிகள்! ஆனால், அவனது வயலிலே உழைக்கும் கறுப்பர்களைப் பாருங்கள். "நாங்கள் அடிமைகளல்லர், உரிமை பெற்ற உழைப்பாளிகள்" என்கின்றனர்! பன்னிரண்டு திங்கள் படையிலே பணியாற்றும் அடிமைக்கு விடுதலை என்று வாஷிங்டனின் ஆணையும் படிக்கப்படுகிறது!

உண்மை என்ன? அப்படியோர் ஆணையை வாஷிங்டன் பிறப்பிக்கவில்லை. 1779இலே, 3,000 அடிமைகளைப் படையிலே சேர்த்துப் போர் முடிந்ததும் விடுவிக்கலாம் என்று அமெரிக்கப் பேரவை பரிந்துரைத்தபோது, தென் கரோலினாவின் சட்டமன்றம் சீறி எழுந்து மறுத்தது. 1781இலே அதே மாநிலத்திலே, தாமஸ் சம்டர் எனும் தளபதி, படையிலே சேர்வோர்க்கு ஊதியமாக எதை அளித்தார் தெரியுமா? எதிரிகளின் பண்ணைகளிலிருந்து கைப்பற்றிய அடிமைகளை! விடுதலைப் போர் வீரனுக்குக் கூலி, ஓர் அடிமை! இந்த வரலாற்றை மறைத்துவிட்டு, திரையிலே புன்னகை பூக்கும் உழைப்பாளிகளை உலவவிட்டனர். அதே படத்திலே, ஊர் மக்களைத் தேவாலயத்துக்குள் அடைத்துப் பிரிட்டிஷ் படை தீ வைக்கும் காட்சியும் உண்டு. அந்தப் போரிலே அப்படியொரு நிகழ்ச்சி நடந்ததற்குச் சான்று இல்லை. தேவாலயத்திலே மக்களை அடைத்துக் கொளுத்திய கொடுமை நடந்தது, 1944இலே, பிரான்சு நாட்டு ஒரடூர் சிற்றூரிலே, செய்தவர்கள் நாஜிகள்! ஒருவர் செய்த பாவத்தை இன்னொருவர் தலையிலே ஏற்றி, தம் பாவத்தைத் துடைத்துக்கொண்டாயிற்று!

1972இலே வந்த '1776' எனும் இசைப்படம் இதைவிட நேர்மையானது. விடுதலை அறிக்கையின் முதல் வரைவிலே, அடிமை வாணிபத்தைக் கண்டித்து ஜெபர்சன் எழுதிய பகுதியைப் பேரவை வெட்டியெறிந்த வரலாற்றை அது மறைக்காமல் காட்டுகிறது. ஆயினும், "என் அடிமைகளை விடுவிக்க முடிவு செய்துவிட்டேன்" என்று அந்தப் படத்து ஜெபர்சன் கூறுகிறார். உண்மை ஜெபர்சன், வாழ்நாளிலே 600க்கும் மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தவர். விடுவித்தது விரல்விட்டு எண்ணத்தக்க சிலரையே. 1826இலே அவர் மறைந்தபின், கடனை அடைப்பதற்காக, 1827இலே அவரது பண்ணையிலே 100க்கு மேற்பட்டோர் ஏலத்தில் விற்கப்பட்டனர். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம்! திரையிலே அவர் சொல்லும் அந்த ஒரு வரி, அந்த ஏலக் களத்திலே நின்றவர்களின் கண்ணீரைச் செல்லாக்காசாக்கிவிடுகிறது. இதனையா குற்றமற்ற நன்மை என்பது?

இங்கேதான் நாம் கோடு கிழிக்கிறோம். தலைவர்கள் தனியறையிலே பேசியதைக் கற்பனை செய்யட்டும். பத்து நாள் வாதத்தை ஒரே இரவிலே அடக்கட்டும். அதனால் எவருக்கும் இழப்பில்லை. உண்மை இன்னும் துலங்கக்கூடச் செய்யும். ஆனால், கொடுமைக்கு ஆளானவனிடம் "உனக்குக் கொடுமையே நடக்கவில்லை" என்று சொல்லும் கற்பனை, கலையன்று. அது களவு! முன்னது உண்மைக்கு உடை தைப்பது. பின்னது உண்மையைப் புதைகுழியிலே தள்ளுவது.

புராணக்காரரின் வேலைக்கும் இதற்கும் வேறுபாடு யாது? சிறுவன் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டுத் தந்தையிடம் உண்மையை ஒப்புக்கொண்டான் என்று ஊரெல்லாம் சொல்லப்பட்ட கதை, 1806இலே வீம்ஸ் எனும் பாதிரியார் தம் நூலின் பதிப்பிலே நுழைத்த கட்டுக்கதை. பொய் பேசாதவன் என்று காட்டுவதற்கு ஒரு பொய்! ஏடு செய்த வேலையை இன்று திரை செய்கிறது. மனிதனைத் தெய்வமாக்குகிறது. தெய்வமாக்கப்பட்டவனைக் கும்பிடலாம், பின்பற்ற முடியாது. "அவர் பெரியவர், நாம் எம்மாத்திரம்" என்று கைகட்டி நிற்கவே அது கற்பிக்கும். புரட்சித் தலைவனின் படம், பக்தனை உண்டாக்கிவிட்டால், புரட்சி தோற்றது என்பதே பொருள்!

மற்றொன்றையும் மறந்துவிடலாகாது. இறந்தகாலத்தைத் திரையிலே எழுப்பும்போது, நிகழ்கால ஆட்சியின் கை, படச்சுருளைத் தொடுகிறது. ராபர்ட் கோல்ட்ஸ்டீன் எனும் லாஸ் ஏஞ்சல்ஸ் உடை வணிகர், 'தி ஸ்பிரிட் ஆப் 76' எனும் ஊமைப்படத்தைத் தயாரித்தார். புரட்சிப் போரிலே பிரிட்டிஷ் படை இழைத்த கொடுமைகளை அதிலே காட்டினார். படம் வந்த ஆண்டு 1917. அந்த ஆண்டிலேதான் அமெரிக்கா, முதல் உலகப் போரிலே பிரிட்டனின் தோழனாகச் சேர்ந்தது. பழைய பகைவன் புதிய நண்பன்! விளைவு? படம் பறிமுதல், உளவுச் சட்டத்தின்கீழ் வழக்கு, பத்தாண்டுச் சிறை! பின்னர் அது மூன்றாண்டாகக் குறைக்கப்பட்டது. தன் நாட்டின் விடுதலைப் போரைப் படமெடுத்ததற்காக, அந்நாட்டிலேயே ஒருவன் சிறைக்குச் சென்றான்! அந்தப் படத்தின் பிரதிகூட இன்று இல்லை. '1776' படத்திலிருந்தும், பழைமைவாதிகளைக் கேலி செய்த ஒரு பாட்டை, குடியரசுத் தலைவர் நிக்சனின் விருப்பத்துக்கு இணங்கித் தயாரிப்பாளர் ஜாக் வார்னர் வெட்டினார். பல்லாண்டுக்குப் பின்னரே அது மீண்டும் சேர்க்கப்பட்டது. ஆளுவோர் வரலாற்றுப் படத்தைக் கண்டு அஞ்சுகிறார்களே, ஏன்? அது வெறும் பொழுதுபோக்கன்று என்பதை நம்மைவிட அவர்கள் நன்கு அறிந்திருப்பதால்தான்!

அப்படியானால், திரை யாருக்கு உயிர் கொடுக்கவேண்டும்? தலைவனுக்கு மட்டுந்தானா? டெலாவேர் ஆற்றிலே படகு செலுத்தியவர்கள், மார்பிள்ஹெட் ஊர் மீனவர்களும் மாலுமிகளும். அவர்களிலே வெள்ளையர், கறுப்பர், செவ்விந்தியர் எல்லாரும் இருந்தனர். போர் முழுதும் வாஷிங்டனின் பக்கத்திலே குதிரையேறிச் சென்றவன் வில்லியம் லீ. குண்டு பாய்ந்த இடமெல்லாம் அவனும் சென்றான். ஆனால் அவன் அடிமை. நாடு விடுதலை பெற்றது 1783இலே. அவன் விடுதலை பெற்றது, வாஷிங்டன் 1799இலே இறந்தபோது, அவரது உயிலின் வாயிலாக!

இன்னொருவன் ஹாரி வாஷிங்டன். வாஷிங்டனின் பண்ணையிலே அடிமையாயிருந்து, 1776இலே ஓடிப்போய், விடுதலை தருவதாகச் சொன்ன பிரிட்டிஷ் அணியிலே சேர்ந்தவன். 1783இலே நியூயார்க்கிலிருந்து கப்பலேறிய ஏறத்தாழ 3,000 கறுப்பர்களிலே ஒருவனாக நோவா ஸ்கோஷியா சென்றான். 1792இலே அங்கிருந்து ஆப்பிரிக்காவின் சியரா லியோன் சென்றான். அங்கே கம்பெனிக்காரர்கள் நிலத்துக்கு வரி கேட்டனர். 1800இலே மூண்ட கிளர்ச்சியிலே அவனும் நின்றான், நாடு கடத்தப்பட்டான். எண்ணிப் பாருங்கள்! தலைவன் வரியை எதிர்த்துப் போரிட்டுத் தேசத் தந்தையானான். அவனிடமிருந்து தப்பிய அடிமை வரியை எதிர்த்துக் கிளர்ந்து குற்றவாளியானான். இருவர் நெஞ்சிலும் மூண்டது ஒரே தீதான். ஒருவனுக்கு வெண்கலச் சிலை. மற்றவனுக்கு வரலாற்றின் ஓரத்திலே ஒரு வரி!

இத்தகையோர் கதையைத் திரையிலே சொல்ல முடியாது என்பதில்லை. லாரன்ஸ் ஹில் எழுதிய நாவலைக் கொண்டு 2015இலே ஆறு பகுதிகளாக வந்த 'தி புக் ஆப் நீக்ரோஸ்' எனும் தொலைக்காட்சித் தொடர், அந்தக் கப்பல்களையும் அந்தப் பயணத்தையும் காட்டியது. கதைத்தலைவி கற்பனைதான், ஆனால் அந்தக் கற்பனை எவருடைய துன்பத்தையும் மறைக்கவில்லை, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. கற்பனையிலே குற்றமற்றது எது என்பதற்கு அதுவே சான்று.

வாஷிங்டனின் குறையைக் காட்டினால் அவர் சிறியவராகிவிடுவாரா? மாட்டார். ஆற்றைக் கடந்த துணிவு அவருடையது. அடிமை முறையைக் கடக்கத் தயங்கிய கோழைமையும் அவருடையதே. இரண்டையும் சேர்த்துக் காண்பவனுக்குத்தான் ஒரு பாடம் கிடைக்கிறது: ஓர் ஆதிக்கத்தை எதிர்ப்பவன் தானே இன்னோர் ஆதிக்கத்தின் தலைவனாக இருக்கக்கூடும்! நம்மிடமே அப்படியொன்று ஒளிந்திருக்கக்கூடும்; வீட்டிலே, தெருவிலே, நாம் நடத்தும் அமைப்பிலே! மாசற்ற வீரனின் படம் இந்த ஐயத்தை எழுப்பாது. உண்மையான மனிதனின் படமே எழுப்பும்.

தோழர்களே! புரட்சிப் படங்களைப் பாருங்கள், நெஞ்சு நிமிரப் பாருங்கள், எழுச்சி கொள்ளுங்கள். எழுச்சி கொள்வது தவறன்று. எழுச்சியோடு அறிவைத் துறப்பதே தவறு. தலைவன் திரையிலே முழங்கும்போது, அவனுக்குப் பின்னே குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து நிற்பவனையும் பாருங்கள். அவன் பெயரென்ன, அவனுக்கு அந்தப் புரட்சி என்ன கொடுத்தது என்று கேளுங்கள். படத்திலே விடை இல்லையெனில் ஏட்டிலே தேடுங்கள். அவனுக்கும் விடுதலை கிட்டும்வரையில், எந்தப் புரட்சிப் போரும் முடிந்துவிட்டதாகாது!