லகானின் மறுமுனையில் ஒரு வாய்



குதிரையில் நன்மை இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதால், பிள்ளைகளைச் சவாரி பழக அனுப்புவதை ஒரு சுன்னத்தான காரியமாகவே பலரும் பார்க்கிறோம். நல்லதுதான். ஆனால் பிள்ளையின் கையில் என்ன சாதனத்தைக் கொடுக்கிறோம் என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

எட்டு வயதுப் பிள்ளை சேணத்தில் உட்கார்ந்திருக்கிறது. குதிரை ஓட்டமெடுக்கிறது, பிள்ளை சமநிலை தவறுகிறது. உடனே எதைப் பிடிக்கும்? கையில் இருக்கும் லகானைத்தான். அந்த வாரின் மறுமுனை குதிரையின் வாயில் இருக்கிறது. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு கிடப்பது அங்கேதான். எலும்பின்மேல் மெல்லிய தசை மட்டுமே இருக்கும் இடம் அது. பக்கக் கம்பிகள் நீண்டு, தாடைக்கடியில் சங்கிலியும் பூட்டிய கடிவாளமாக இருந்தால், நெம்புகோலைப்போல அந்தச் சின்னக் கையின் இழுப்பு அங்கே பெருகிப் போய்ச் சேரும்.

இப்போது அந்த வலிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? பருவமடையாத பிள்ளைமீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது, அதன்மேல் குற்றமில்லை. குதிரையோ வாயில்லா ஜீவன். அப்படியானால் அந்தக் கடிவாளத்தைத் தேர்ந்தெடுத்து மாட்டிய பெரியவரிடம்தான் கேள்வி வந்து நிற்கிறது. பணம் கட்டி அனுப்பிய தகப்பனும் அதில் சேர்த்தி.

ஆயிஷா (ரலி) அவர்கள் முரண்டு பிடித்த ஓர் ஒட்டகத்தில் ஏறி, அதை முன்னும் பின்னுமாக விரட்டியபோது, மென்மையைக் கைக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. முரண்டு பிடித்தது ஒட்டகம். அறிவுரை கிடைத்ததோ அதன்மேல் இருந்தவருக்கு. இன்னொரு பயணத்தில், ஒட்டகங்களின் கழுத்தில் கட்டியிருந்த வில்நாண்களை அறுத்துவிட ஆளனுப்பினார்கள். கண்திருஷ்டி நம்பிக்கையை ஒழிக்கவே அந்த உத்தரவு என்பது பிரபலமான விளக்கம். ஓடும்போது கழுத்து இறுகிவிடும் என்பதற்காக என்றும் அறிஞர்கள் சிலர் விளக்கியிருக்கிறார்கள்.

“பிள்ளைக்குப் பலம் போதாது, கடுமையான கடிவாளம் இருந்தால்தானே குதிரை நிற்கும்?” என்று கேட்பீர்கள். நியாயமான பயம். ஆனால் முப்பது கிலோ பிள்ளை நானூறு கிலோ குதிரையை இழுத்து நிறுத்தவே முடியாது. குதிரை நிற்பது பழக்கத்தால். வாயில் வலி கண்ட குதிரை தலையைத் தூக்கும், முன்னங்காலைத் தூக்கி நிற்கும், வலியிலிருந்து தப்ப ஓடவும் செய்யும். கடும் இரும்பு இல்லாமல் நிற்காத குதிரை பிள்ளைக்கான குதிரையே அல்ல.

வழிகள் இருக்கின்றன, செலவும் அதிகமில்லை. குதிரையின் கழுத்தைச் சுற்றி ஒரு தோல் வார் கட்டினால், தடுமாறும் பிள்ளை லகானை விட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். தொடக்கத்தில் ஆசிரியர் நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாக நடத்த, பிள்ளை லகானே இல்லாமல் உட்காரப் பழகலாம். வாயில் இரும்பே இல்லாமல், மூக்கின்மேல் பட்டை மட்டும் வரும் கடிவாளமும் உண்டு. அதையும் இறுக்கிக் கட்டினால் கொடுமைதான். பிள்ளையின் பாதுகாப்புக்கு, வெளிப்பக்கம் ரப்பர் வளையம் வைத்த அங்கவடி வேண்டும். விழும்போது ரப்பர் கழன்று கால் விடுபடும். இல்லாவிட்டால் கால் மாட்டிக்கொண்டு குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். ஹெல்மெட் பலமாக அடிபட்டால், வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும்.

ஒட்டகப் பந்தயங்களில் சின்னஞ்சிறு பிள்ளைகளை ஏற்றிய வழக்கத்தை ஐக்கிய அரபு அமீரகமும் கத்தாரும் 2005இல் சட்டம் போட்டு நிறுத்தின. பிள்ளைகளின் இடத்தில் ரிமோட்டில் இயங்கும் சிறு ரோபோக்கள் வந்தன. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைகள் தப்பின. அந்த ரோபோவின் கையிலும் சாட்டை இருக்கிறது. பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்பேன்.

அடுத்த முறை பிள்ளையைக் கூட்டிப் போகும்போது, சேணம் பூட்டுமுன் அந்தக் குதிரையின் வாயோரத்தைக் காட்டச் சொல்லுங்கள். புண்ணோ தழும்போ இருக்கிறதா என்று பாருங்கள். மூக்குப்பட்டையின் அடியில் உங்கள் இரண்டு விரல்களை நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால், பிள்ளையை ஏற்றும் முன் அதைத் தளர்த்தச் சொல்லுங்கள்.