யானைக்குள் மரமும் மயிலும்

திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைச் சந்தியில் தேர்தல் கதை எங்கே தொடங்கினாலும் யாராவது ஒருவர் கடைசியில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்: “நாம யானைக்குப் போட்டம். மரமும் அதுக்குள்ளதான், மயிலும் அதுக்குள்ளதான். அப்ப நம்மட வோட்டு ஆருக்குப் போய்ச் சேர்ந்த, காக்கா?”

2015 ஓகஸ்ட் 17ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலைப் பற்றிய கேள்வி இது. திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம் காங்கிரசின் மரமும், றிசாட் பதியுதீனின் மக்கள் காங்கிரசின் மயிலும் அந்த முறை தனித்தனியே நிற்கவில்லை. இரண்டு கட்சிகளின் ஆட்களும் ஐக்கிய தேசியக் கட்சியின் யானைப் பட்டியலில் நின்றார்கள். கேட்பவர் விவரம் தெரியாமல் கேட்கவில்லை. இலங்கையில் கூட்டணிப் பேரம் எப்போது, எந்த இடத்தில் நடக்கிறது என்பதற்கான விடை அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. அதைக் கண்டெடுக்க வாக்குச்சீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

சீட்டின் மேற்பகுதியில் கட்சிகளின் பெயர்களும் சின்னங்களும். அதில் ஒன்றுக்கு எதிரே புள்ளடி. கீழே வெறும் இலக்கங்கள். அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்குக் கொடுக்கலாம். திருகோணமலைக்கு 4 ஆசனங்கள். ஒரு கட்சி ஆசனங்களின் எண்ணிக்கையை விட மூன்று பேரைக் கூடுதலாக நிறுத்த வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஒவ்வொரு பட்டியலிலும் 7 பெயர்கள். புள்ளடிதான் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த ஆசனத்தில் யார் உட்காருவது என்பது இலக்கங்களின் வேலை.

இனிக் கணக்கு. மாவட்டத்தில் ஆக அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு முதலில் ஓர் ஆசனம் போனஸாகப் போய்விடும். மிச்சம் 3. நூற்றுக்கு 5 வீதம் எடுக்காத கட்சிகளைக் கழித்துவிட்டு, மற்றவர்களின் மொத்த வாக்கை 3ஆல் வகுக்க வேண்டும். 2015இல் யானைக்கு 83,638, தமிழரசுக் கட்சியின் வீட்டுக்கு 45,894, சுதந்திரக் கட்சி அணியின் வெற்றிலைக்கு 38,463. கூட்டினால் 167,995, வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை ஏறக்குறைய 56,000 வாக்கு. அந்த விலையை முழுதாகக் கொடுக்க முடிந்தது யானைக்கு மட்டும்தான்: ஓர் ஆசனம், மிச்சம் 27,000 சொச்சம். வீடும் வெற்றிலையும் 56,000ஐத் தொடவில்லை. ஆனாலும் கையில் மிச்சமாக நிற்கும் வாக்கு அவற்றுக்குத்தான் அதிகம் என்பதால் மீதி இரண்டும் ஆளுக்கொன்றாகப் போயின. போனஸோடு யானைக்கு 2, வீட்டுக்கு 1, வெற்றிலைக்கு 1.

இந்தக் கணக்கை ஒருமுறை கலைத்துப் பார்த்தால்தான் அதன் கூர்மை தெரியும். யானையின் 83,638 வாக்கும் இரண்டு சின்னங்களுக்குப் பிரிந்திருந்தால்? ஒன்றுக்கு 43,000, மற்றதற்கு 40,638 என்று வைத்துக்கொள்வோம். முதலிடம் வீட்டுக்குப் போகும், போனஸும் அதன் பின்னால் போகும். வீட்டுக்கு 2, பிரிந்த இரண்டு சின்னங்களுக்கும் ஒவ்வொன்று, வெற்றிலைக்கு ஒன்றுமில்லை. ஒரு வாக்காளரும் மனம் மாறவில்லை, ஒரு வாக்கும் கூடவில்லை, குறையவில்லை. மாவட்டத்தின் முகம் மட்டும் மாறிப்போகும். ஆகவே சின்னக் கட்சிக்காரர் பெரிய கட்சியின் வாசலுக்குப் போகும் நாள், முடிவு வெளியான மறுநாள் அல்ல. வேட்புமனுவுக்கு முந்திய வாரம்தான். ஏழு பெயர்களில் யாருக்கு எத்தனை, பட்டியலில் இடம் கிடைக்காதவருக்குத் தேசியப் பட்டியலில் என்ன, என்பதெல்லாம் அப்போதே பேசி முடிந்துவிடும். அந்தத் தேர்தலில் யானைப் பட்டியலில் நின்று தோற்ற முஸ்லிம் காங்கிரசின் எம்.எஸ். தௌபீக் அடுத்த ஆண்டு தேசியப் பட்டியல் வழியாகப் பாராளுமன்றம் போனார்.

5 வீத வெட்டுப்புள்ளியும் ஒரு பேரத்தில் பிறந்ததுதான். 1978 யாப்பில் அது பன்னிரண்டரை வீதம். சிதறி வாழும் சமூகமொன்றின் கட்சிக்கு அது ஏறமுடியாத மதில். 1988 டிசம்பரில், ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிவந்த வேளை, ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளர் பிரேமதாசவோடு பேசி அதை 5ஆக இறக்கியவர் என்று கிழக்கில் இன்றும் முஸ்லிம் காங்கிரசை நிறுவிய எம்.எச்.எம். அஷ்ரப்பை நினைவுகூருகிறார்கள். 15ஆவது திருத்தம் அது. எனக்குத் தெரிந்து, சிறுபான்மைக் கட்சியொன்று வாக்குக்கு ஈடாகக் கேட்டு வாங்கியவற்றில் இவ்வளவு காலம் நிலைத்துப் பலன் கொடுத்தது வேறில்லை. அமைச்சுப் பதவியாகக் கேட்டிருந்தால் அடுத்த தேர்தலோடு போயிருக்கும்.

தேர்தலுக்குப் பிந்திய பேரம் கொழும்பில் நடக்கும். 225 பேர் கொண்ட சபையில் பாதியைத் தாண்ட 113 வேண்டும். 2015இல் ஐக்கிய தேசியக் கட்சி அணிக்குக் கிடைத்தது 106, வெற்றிலைக்கு 95, தமிழரசுக் கட்சிச் சின்னத்தில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 16, ஜே.வி.பி.க்கு 6, தனியே நின்ற இடத்தில் முஸ்லிம் காங்கிரசுக்கு 1, ஈ.பி.டி.பி.க்கு 1. குறைந்தது ஏழு பேர். ஏழு பேரைத் தேட எத்தனையோ வழிகள் இருந்தன. பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் தெரிவு செய்தது பெரிய வழியை: ஐக்கிய தேசியக் கட்சியும் சுதந்திரக் கட்சியும் இரண்டு ஆண்டுக்கு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் எழுதி, தேசிய அரசாங்கம் அமைத்தன. புதிய யாப்புக்கு மூன்றில் இரண்டு வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். அதே ஆண்டு நிறைவேறிய 19ஆவது திருத்தம் அமைச்சரவையை 30க்குள் கட்டியிருந்தது. ஆனால் ஆக அதிக ஆசனம் பெற்ற கட்சி வேறு கட்சிகளோடு சேர்ந்து தேசிய அரசாங்கம் அமைத்தால் எண்ணிக்கையைப் பாராளுமன்றமே கூட்டிக்கொள்ளலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருந்தது. செப்டெம்பர் 3ஆம் திகதி அந்தக் கதவால் 48 பேருக்கு வழி விட்டார்கள்.

அதே நாளில்தான் திருகோணமலைக்கு ஒரு கதிரை வந்தது. சுதந்திரக் கட்சி அரசாங்கப் பக்கம் போனதால் எதிர்க்கட்சியில் பெரிய கட்சி என்ற இடம் கூட்டமைப்புக்கு விழுந்தது. 1977 முதல் இந்த மண்ணின் அரசியலில் நின்ற இரா. சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவரானார். அமிர்தலிங்கத்துக்குப் பிறகு அந்தக் கதிரையில் இருந்த இரண்டாவது தமிழர். சந்தோசமான நாள்தான்; எங்கள் பக்கத்தில் வெடி கொளுத்தாவிட்டாலும் பேசிப் பேசி மகிழ்ந்த நாள். ஆனால் 16 ஆசனக் கட்சிக்கு அந்தக் கதிரையைக் கொடுத்தது வாக்கு மட்டுமல்ல, பெரிய இரண்டு கட்சிகளின் ஒப்பந்தமும்தான். 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி வெற்றிலை அரசாங்கத்தை விட்டு விலகியது. சிறிசேன ரணிலை நீக்கி மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். பிறகு சபையையே கலைத்தார். டிசம்பர் 12ஆம் திகதி ரணிலுக்கு ஆதரவாக 117 பேர் வாக்களித்தார்கள். கூட்டமைப்பும் மரமும் மயிலும் அந்தக் கணக்கில் உண்டு. மறுநாள் உயர் நீதிமன்றம் கலைப்பு செல்லாது என்று தீர்த்தது. யாப்பைக் காத்த வாக்குகளில் சம்பந்தனின் வாக்கும் ஒன்று. ஒரு வாரம் போகவில்லை, மகிந்த எதிர்க்கட்சித் தலைவராகச் சபாநாயகரால் ஏற்கப்பட்டார்.

தேசிய அரசாங்கம் என்ற சொல்லுக்கு என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். 2019 தொடக்கத்தில் ஐக்கிய தேசியக் கட்சி மறுபடி அமைச்சர் எண்ணிக்கையைக் கூட்ட நினைத்தது. சுதந்திரக் கட்சி கூட இல்லை. அப்போது நினைவுக்கு வந்தது 2015இல் மரச் சின்னத்தில் மட்டக்களப்பில் வென்ற அந்த ஒரே ஓர் ஆசனம். வேறு கட்சிகள் சேர வேண்டும் என்றுதான் சட்டம் சொன்னது. எத்தனை பேர் என்று சொல்லவில்லை. ஒருவரைக் காட்டித் தேசிய அரசாங்கம் என்று சொல்லும் அந்தப் பிரேரணை கடைசியில் நிறைவேறவில்லை. நிறைவேறாதது நல்லது என்றே நான் நினைக்கிறேன்.

இதற்கும் புல்மோட்டைக்கும் என்ன? அரசாங்கம் அமைந்த பிறகு வரும் ஒரு வர்த்தமானியை எடுத்து விரித்தால் தெரியும். இடப்பக்கம் அமைச்சர் கவனிக்க வேண்டிய விடயங்கள். அதற்குப் பக்கத்தில் அவருக்குக் கீழ் வரும் திணைக்களங்கள், கூட்டுத்தாபனங்கள். நெடிய பட்டியல், நுண்ணிய எழுத்து. அதில் ஓரிடத்தில் கனிய மணல் நிறுவனம் இருக்கும். கொக்கிளாய்க் களப்புக்குத் தெற்கே கிடக்கும் இந்தக் கரையின் கறுத்த மணலை அள்ளி, இல்மனைற்று, ரூட்டைல், சிர்க்கோன் என்று பிரித்து ஏற்றுமதி செய்ய 1957இல் அரச கூட்டுத்தாபனமாகத் தொடங்கியது அது. அள்ளிப் பார்த்தால் சாதாரண மணலைவிடக் கனம், காந்தம் இழுக்கும். உலகத்தின் வெள்ளைப் பெயின்ற்றுக்கு வேண்டிய தைற்றானியம் அதற்குள் இருக்கிறது. ஊரின் எத்தனையோ வீடுகளின் சம்பளமும் அதிலேதான். அந்த ஒற்றை வரி எந்த அமைச்சரின் பெயருக்குக் கீழே வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் பணிப்பாளர் சபை, வேலைக்கு எடுப்பது, எந்தக் கரையில் தோண்டுவது எல்லாம். 2015இல் அமைந்த நல்லாட்சி அரசாங்கத்தின் காலத்தில் அது கைத்தொழில் அமைச்சர் றிசாட் பதியுதீனுக்குக் கீழ் இருந்தது. புள்ளடி போடும்போது இந்த வரி யாருடைய கண்ணிலும் படாது. மரத்துக்கா மயிலுக்கா விருப்பு வாக்கு என்று ஊர் அடித்துக்கொண்டதன் பொருள், நாள் போன பிறகு, இந்த வரியில்தான் விளங்கும்.

அமைச்சு கிடைப்பது ஒன்று, கேட்டது கிடைப்பது வேறொன்று. திருகோணமலை அதை 1965இலேயே கண்டிருக்கிறது. அந்த மார்ச் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 66, தமிழரசுக் கட்சிக்கு 14. அவற்றின் தலைவர்கள் டட்லி சேனநாயக்காவும் செல்வநாயகமும் மாவட்ட சபைகள் உட்படச் சில விடயங்களில் உடன்பாடு கண்ட பிறகு, தமிழரசுக் கட்சியின் மு. திருச்செல்வம் மேற்சபை வழியாக உள்ளூராட்சி அமைச்சரானார். கோணேசர் கோயில் வட்டாரத்தைப் புனித பூமியாக்குவது பற்றி ஆராய அவர் ஒரு குழுவை நியமித்தார். பிரதமர் அதை நிறுத்தினார். 1968இல் திருச்செல்வம் பதவி விலகினார். மாவட்ட சபை மசோதாவும் அந்த ஆண்டே கைவிடப்பட்டது. கையெழுத்து இருந்தது. ஆனால் அந்தத் தாள் நாட்டின் முன் வைக்கப்படவில்லை. இரண்டு தலைவர்களின் நம்பிக்கையில் நின்றது. ஒருவர் பின்வாங்கினால் மற்றவர் எதைக் காட்டி வழக்காடுவது? 2004இல் டில்லியில் காங்கிரசும் தி.மு.க.வும் மற்றவர்களும் குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் என்று ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார்கள். ஜேர்மனியில் 2018இல் கூட்டணி உடன்படிக்கை 170 பக்கத்தைத் தாண்டியது. ஒரு கட்சி அதைத் தன் உறுப்பினர் எல்லோரிடமும் வாக்குக்கு விட்டது. வெளியிட்ட வாக்குறுதியும் மீறப்படும்தான். ஆனால் மீறியது என்னவென்று பக்கம் காட்டிச் சொல்லலாம்.

2024 நவம்பர் 14ஆம் திகதித் தேர்தல் இந்தப் பேரங்களுக்கெல்லாம் இடம் வைக்கவில்லை. தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி தனியே 159 ஆசனம் எடுத்தது. திருகோணமலையில் இரண்டு திசைகாட்டிக்கு, ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசிக்கும் வீட்டுக்கும் ஒவ்வொன்று. 113ஐத் தேடி யாரும் யார் வாசலுக்கும் போகத் தேவையில்லாத சபையில், சின்னக் கட்சியின் உறுப்பினருக்கு மிச்சமிருப்பது பேச்சும் குழுவும் கேள்வி நேரமும். பேரத்தில் மட்டும் நின்ற கட்சிகளுக்கு இது கடினமான காலம். ஆனால் 1994இலும் 2000இலும் 2001இலும் 2015இலும் பெரும்பான்மை ஒரு கையில் அடங்கவில்லை. மறுபடியும் அடங்காமல் போகும்.

அப்படி வரப்போகும் தேர்தலுக்கும் வேட்புமனுக் காலம் முடிகிற நேரம் நண்பகல் 12 மணிதான். கச்சேரியில் பட்டியல் ஏற்கப்பட்ட பிறகு ஏழு பெயரில் ஒன்றையும் மாற்ற முடியாது. புல்மோட்டையிலிருந்து திருகோணமலைக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். ஒரு காலத்தில் களப்புக்குக் களப்பு மிதவைப் பாதை ஏறிக் கடந்த வழியில் இப்போது பாலங்கள் இருக்கின்றன. மணலில் ஊருக்கு என்ன பங்கு, காணி உறுதிகள் எப்போது, கரைவலைக்காரருக்கு எந்தக் கரை என்று ஒரு தாளில் எழுதி, பட்டியலில் வர விரும்புகிற ஒவ்வொருவரிடமும் கையெழுத்துக் கேட்க வேண்டுமென்றால், விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறினாலே போதும். 12 மணிக்குள் போய்ச் சேரலாம்.