அருகிருத்தல் கற்கத்தக்கதா?

நோயுற்றார் ஒருவரின் அருகே அமர்ந்திருத்தல் அன்பினால் தானே நிகழ்வதா, அன்றிப் பயிற்சியாற் பெறப்படுவதா என்னும் வினா எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. வள்ளுவர் நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு உடனிருந்து பணிசெய்வானையும் சேர்த்தே மருத்துவத்தை நான்காக வகுத்தார். அந்நான்காமவனுக்கு இலக்கணம் கூறப் புகுந்த பரிமேலழகர் அன்புடைமையோடு நின்றுவிடாது அறிவுடைமையையும் வேண்டினார். அறிவு வேண்டுமெனின் கல்வியும் வேண்டும் என்பது பெறப்படும்.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு அக்கராயன் சான்று. கிளிநொச்சிக்குத் தென்மேற்கே குளத்தையும் வயலையும் நம்பி வாழும் ஊர் அது. 1996ஆம் ஆண்டுப் போரிற் கிளிநொச்சி நகரம் வெறுமையானபோது அந்நகரின் வைத்தியசாலை அக்கராயனுக்குப் பெயர்ந்து இயங்கியது. வன்னிக்கு மருந்துப்பொருள்கள் செல்வது கட்டுப்படுத்தப்பட்டிருந்த, மலேரியா மலிந்திருந்த ஆண்டுகள் அவை. நம்மவர் வைத்தியசாலைகளில் நோயாளியோடு உறவினர் ஒருவர் 'ஆள் நிற்பது' வழமை. தாயோ தமக்கையோ மகளோ நிற்பர். பிறர் வந்து ஆறுதல் கூறவேண்டிய தேவை அங்கு எழுவதில்லை. இடம்பெயர்வு குலைப்பது இவ்வழமையையே. குடும்பம் மூன்று ஊர்களிற் சிதறியிருக்க, நிற்க ஆளற்றவராய்க் கிடக்கும் முதியவரின் அருகே எவர் அமர்வது? அமரும் அந்நியர் யாது பேசுவது?

மேனாட்டிற் 'சாப்ளின்' எனப்படும் வைத்தியசாலைக் குருமாரின் பயிற்சி இதே வினாவிலிருந்து தோன்றியதாகும். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரர் மனநல வைத்தியசாலையில் 1925இல் அன்ரன் பொய்சன் இறையியல் மாணவர் சிலரை நோயாளர் நடுவே பயிலச் செய்தார். அவர்தாமும் 1920இல் மனநோயாளியாக அடைக்கப்பட்டிருந்தவர். நூல்களைப் பயில்வதுபோல் உயிருள்ள மனிதரையும் ஏடுகளாகக் கருதிப் பயிலவேண்டும் என்பது அவர் கொள்கை. இன்று அப்பயிற்சியின் ஓர் அலகு குறைந்தது 400 மணி நேரம் கொண்டது. நோயாளியுடன் நிகழ்ந்த உரையாடலை மாணவர் நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதுவர். உடன்பயில்வோரும் ஆசிரியரும் அதனை வரிவரியாக ஆராய்வர். நோயாளி "எனக்குப் பயமாக இருக்கிறது" என்றதும் மாணவர் "எல்லாம் சரிவரும்" என்று விடையிறுத்திருந்தால், அவ்விடை யாருடைய பயத்தைத் தணித்தது என்று கேட்கப்படும். பெரும்பாலும் அது சொன்னவரின் பயத்தையே தணித்திருக்கும். எனவே இப்பயிற்சி ஆறுதல் மொழிகளைக் கற்பிப்பதன்று. விரைந்து ஆறுதல் கூறும் பழக்கத்தைக் களைவதே அதன் பெரும்பகுதி எனலாம். அன்பு மிக்காரிடத்தே இப்பழக்கம் மிகுதி. அன்பே போதும் என்னும் வாதம் இவ்விடத்தே தளர்கின்றது.

நமது சூழலில் இதற்கு மற்றொரு முகமும் உண்டு. செத்தவீட்டிலும் நோய்ப்படுக்கையிலும் 'விதி', 'வினைப்பயன்' என்னும் சொற்கள் இயல்பாக வந்துவிழும். நோயுற்றவர் தாமே தமது துன்பத்தை வினையெனக் கொள்வாராயின் அது அவருக்கு ஊன்றுகோலாகலாம். அதே சொல்லை நலமுடையார் ஒருவர் கூறும்போது அது குற்றச்சாட்டாகிவிடுகின்றது. பிள்ளையை இழந்த தாயிடம் வினைப்பயன் என்பது, உன் குற்றமே என்பதன் மறுமொழி. கருத்தின் உண்மை பொய்ம்மையை இங்கு ஆராயவேண்டியதில்லை. அதை எவர் எவரிடம் கூறுகின்றார் என்பதே அறப்பிரச்சினை.

சமயம் வேறுபடும்போது சிக்கல் பெருகும். சூலைநோயால் வருந்திய நாவுக்கரசர் தமக்கையார் திலகவதியாரை நாடிவந்து திருநீறு பெற்றார் என்பது பெரியபுராணம் காட்டும் வரலாறு. நோயே சமயமாற்றத்தின் வாயிலாயிற்று. ஆயினும் நோயுற்றவர்தாமே நாடிவந்தார் என்பது நோக்கத்தக்கது. படுக்கையை விட்டு எழமாட்டாத ஒருவருக்கு எழுந்துபோகும் உரிமை இல்லை. அவர்முன் சமயம் பேசுதல், வாயிலை அடைத்துவிட்டு உபதேசிப்பதையொக்கும். நெதர்லாந்தில் எச்சமயமும் சாராத மனிதநேயவாதிகளும் வைத்தியசாலைகளில் இப்பணிக்கு அமர்த்தப்படுகின்றனர். அதனை அப்படியே கொள்ளவேண்டுமென்பதில்லை. சைவ மூதாட்டி தேவாரம் கேட்க விரும்பின், சமயஞ்சாராதவரின் நடுநிலை அவருக்கு எதற்கு? தேவாரம் அறிந்த ஒருவரை அழைத்துவருவது கிறித்தவப் பணியாளருக்கும் கடமையாகும்.

இப்பயிற்சி முறையில் ஒரு முள் உண்டு. இறப்பவர் மனந்திறந்து கூறியது பாடப்பொருளாகின்றது. மனிதரைக் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்னும் கான்ற்றின் விதியை இது மீறுவதாகாதா? மருத்துவ மாணவரும் நோயாளரின் உடலிலேயே கற்கின்றனர் என்பர். ஆயின் உடல் காட்டுவது நோயை. சொல் காட்டுவதோ சுற்றத்தையும். பெருநகரிற் பெயரை மறைத்தால் ஆளும் மறைவர். அக்கராயன் போன்ற ஊரில் மகன் எங்கிருக்கிறான் என்னும் ஒரு வரியே போதும். போர்க்காலத்தில் அவ்வரி ஓர் உயிரின் விலையாகவும் கூடும். ஆகவே எழுதி ஆராயும் முறையை வன்னிக்குக் கொணர்வோர், எதை எழுதாமல் விடுவது என்பதையே முதற்பாடமாக வைத்தல் வேண்டும்.

இத்துறை நமக்கு முற்றிலும் புதிதன்று. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இவ்வகைப் பயிற்சி உண்டு. யாழ்ப்பாணத்திற் சாந்திகம் 1987 முதல் உளவளத்துணையை வளர்த்துவந்துள்ளது. போர் மனங்களில் இட்ட வடுக்களைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் ஆங்கில நூலாக எழுதினார். எனினும் அக்கராயனின் நோயாளிக்கு இரவு இரண்டு மணிக்கு அருகிருப்போர் குருவுமல்லர், உளவளத்துணையாளருமல்லர்; தாதியும் சிற்றூழியருமே. விடுதியைக் கூட்டுபவரிடம் நோயாளி மனந்திறப்பதுபோல் வைத்தியரிடம் திறப்பதில்லை. அவர்களுக்கு 400 மணி நேரம் கிடையாது. கிழமைக்கு ஒருமுறை, கதவைச் சாத்திக்கொண்டு, தாம் கேட்டவற்றால் தமக்கு நேர்ந்ததைப் பேசுவதற்கு ஒரு மணி நேரம் கொடுக்கலாம்; தாளும் பேனாவும் இன்றி.